ஸ்கூபா: எந்த வலிக்கு எந்தப் பக்கம் போவது?

இறங்கும்போது வந்த வலியா, ஏறும்போது வந்ததா, படகில் ஏறிய பிறகு வந்ததா? காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் ஸ்கூபா டைவில், அழுத்தத்தால் வரும் எந்தத் தொல்லைக்கும் முதல் கேள்வி இதுதான். இறங்கும்போது வந்தால் ஒரு மீட்டர் மேலே போக வேண்டும். ஏறும்போது வந்தால் ஒரு மீட்டர் கீழே. தண்ணீரை விட்டு வெளியே வந்தபின் வந்தால் மறுபடி தண்ணீருக்குள் போகவே கூடாது, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு அறிகுறியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குள் அடங்கும். ஒன்றிரண்டு விதிவிலக்குகளை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

கணக்கு எளிது. கடல்மட்டத்தில் அழுத்தம் 1 பார். கடல்நீரில் 10 மீட்டருக்கு ஒரு பார் கூடும். ஆகவே 10 மீட்டரில் 2, 20-இல் 3, 30-இல் 4, 40-இல் 5. மேலே 6 லிட்டராக இருக்கும் காற்று 10 மீட்டரில் 3 லிட்டர், 20-இல் 2, 30-இல் ஒன்றரை. திருப்பிப் பாருங்கள்: 30-இலிருந்து 20-க்கு ஏறும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் பெருக்கும், கடைசி 10 மீட்டரில் இரண்டு மடங்காகும். புது டைவர்கள் ஆழத்தில் பயந்துகொண்டிருந்துவிட்டு, 5 மீட்டருக்கு வந்ததும் அப்பாடா என்று தளர்ந்துவிடுகிறார்கள். காதும் நுரையீரலும் அதிகம் அடிபடும் இடம் அந்த மேல்பகுதிதான்.

இறங்கும்போது காது அடைத்து வலிக்கிறது

நடுக்காதில் உள்ள காற்று சுருங்கச் சுருங்க, செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் ஊஸ்டேசியன் குழாய் திறந்தால்தான் உள்ளே காற்று போகும். அதன் தொண்டைப்பக்க வாய் மெல்லிய சதை. சமன் செய்யாமல், அதாவது நடுக்காதுக்குக் காற்றை அனுப்பாமல், சுமார் 1.2 மீட்டர் இறங்கிவிட்டாலே அது அழுந்தி மூடிக்கொண்டுவிடும், பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. வலி வந்தபின் ஊதிப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

1. நில்லுங்கள். துணை டைவருக்குக் கையைத் தட்டையாக ஆட்டிக் காட்டி, பிறகு காதைச் சுட்டுங்கள்.
2. வலி போகும்வரை அரை மீட்டர், ஒரு மீட்டர் என ஏறுங்கள்.
3. தலை மேலே, கால் கீழே இருக்கட்டும். தலைகீழாக இறங்கினால் ரத்தம் தலைக்கு ஏறிக் குழாயின் சவ்வு வீங்கும். அடைத்த காது மேல்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்துக் கழுத்தை நீட்டுங்கள்.
4. மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். திறக்காவிட்டால் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். 5 விநாடிக்கு மேல் வேண்டாம். விழுங்குவதையும் ஊதுவதையும் ஒரே நேரத்தில் செய்தால் பலருக்குத் திறக்கும்.
5. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் சமன் செய்துகொண்டே இறங்குங்கள்.

மூன்று நான்கு முறை முயன்றும் திறக்கவில்லை என்றால் அன்றைய டைவ் முடிந்தது. காசு கட்டியாயிற்றே, எல்லோரும் கீழே காத்திருக்கிறார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முக்கி ஊதுபவர்களுக்குத்தான் உள்காது சேதமாகிறது. ஊதும் வேகத்தில் உள்காதின் வட்டச் சாளரச் சவ்வு கிழியலாம். காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவு, விடாத தலைசுற்றல் ஆகியவை அதன் அடையாளம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நல்ல பழக்கம் ஒன்று: வலி வரும்வரை காத்திருக்காமல், படகோரத்தில் மிதக்கும்போதே முதல் தடவை சமன் செய்துவிடுங்கள்.

சளி பிடித்திருக்கும்போது மாத்திரையோ மூக்குச் சொட்டு மருந்தோ போட்டுக்கொண்டு இறங்குவது பரவலாக நடக்கிறது. இறங்கும்போது வேலை செய்யும். அதன் வீரியம் தண்ணீருக்கடியில் தீர்ந்துபோனால், ஏறும்போது உள்ளே மாட்டிய காற்றுக்கு வழி இருக்காது.

வலி திடீரென்று போய்விட்டது, உலகம் சுழல்கிறது

செவிப்பறை கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த நீர் ஒரு பக்க நடுக்காதுக்குள் புகுந்ததால் சமநிலை உறுப்பு குழம்புகிறது. அந்த நீர் உடல் சூட்டுக்கு வந்ததும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள், சுழற்சி அடங்கும். அதுவரை கயிற்றையோ துணை டைவரையோ இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேல் என்று தெரியாவிட்டால் குமிழி போகும் பக்கம்தான் மேல். வாந்தி வந்தால், மூச்சுக்கு வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டரை எடுக்காமல் அதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டு, அதில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அழுத்திச் சுத்தம் செய்யுங்கள். அடங்கியதும் வழக்கமான வேகத்தில் ஏறி, டைவை முடித்துவிடுங்கள். மேலே வந்தபின் காதில் எண்ணெய், சொட்டு மருந்து எதையும் விடக்கூடாது.

டைவ் முடிந்து ஓரிரு நாளில் காது வலிக்கிறது என்றால் காது மடலை இழுத்துப் பாருங்கள். இழுக்கும்போது வலி கூடினால் அது வெளிக்காதில் ஈரத்தால் வந்த தொற்று. அழுத்தக் காயம் அப்படி வலிக்காது.

நெற்றியில் குத்தல், பல்வலி, மாஸ்க்கில் ரத்தம்

நெற்றியும் கன்னமும் குத்தினால் சைனஸ் அடைத்திருக்கிறது. ஏறுங்கள், விழுங்கிப் பாருங்கள், சரியாகாவிட்டால் முடித்துக்கொள்ளுங்கள். மேலே வந்ததும் மாஸ்க்கில் கொஞ்சம் ரத்தம் தெரிவது பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் சைனஸ் சவ்வில் வந்த கசிவுதான், தானே நின்றுவிடும். ஆனால் இருமலில் நுரையாக ரத்தம் வந்தால் அது வேறு கதை, கீழே பாருங்கள்.

அடைத்த பல்லின் கீழ் காற்று தங்கியிருந்தால் பல் வலிக்கும். பல் மருத்துவரிடம் டைவ் செய்வதைச் சொல்லிவிடுங்கள். கண்ணை உறிஞ்சி இழுப்பதுபோல் இருந்தால் மாஸ்க்குக்குள் மூக்கால் கொஞ்சம் ஊதினால் போதும். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடி டைவுக்கு உதவாததன் காரணம் இதுதான்.

ஆழத்தில் மந்தம், காரணமற்ற சிரிப்பு, தலைவலி

30 மீட்டரை ஒட்டி நைட்ரஜன் மயக்கம் தொடங்கும், சிலருக்கு அதற்கு முன்பே. சிலிண்டரின் மீதிக் காற்றைக் காட்டும் மானியை இரண்டு முறை பார்த்தும் எண் மனதில் நிற்காது, அல்லது எதுவும் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். சில மீட்டர் ஏறினால் சில நிமிடங்களில் தெளியும். தெளிந்தபின் மறுபடி அதே ஆழத்துக்குப் போகாதீர்கள். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடப்பது சுமார் 53 மீட்டரில். பொழுதுபோக்கு டைவின் எல்லை 40. கப்பல் கிடக்கும் ஆழத்தில் அழுத்தம் 6.3 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவர் அங்கே 126 லிட்டர் காலி செய்வார், அதுவும் தெளிவில்லாத தலையோடு.

நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தலைவலி வந்தால் முதலில் கரியமில வாயுவைச் சந்தேகியுங்கள். காற்றை மிச்சப்படுத்த மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுபவர்களுக்கு இது வரும். துடுப்பு அடிப்பதை நிறுத்தி, ஆழமாக, மெதுவாக, முழுமையாக வெளியே விடுங்கள். கூட வந்த பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் சிலிண்டர் நிரப்பிய கம்ப்ரசர் எஞ்சின் புகையை இழுத்திருக்கலாம். அந்தச் சிலிண்டர்களை ஒதுக்கி வையுங்கள்.

கம்ப்யூட்டர் கத்துகிறது, நிறுத்த முடியாமல் மேலே போகிறேன்

ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் கத்தும் இந்த இடத்தில்தான் விபத்துகள் அதிகம் தொடங்குகின்றன. கொஞ்சம் ஏறினால் பி.சி.டி.யில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியில்) உள்ள காற்று பெருக்கும், பெருத்த காற்று இன்னும் வேகமாகத் தூக்கும், வேகம் கூடக்கூடக் காற்று மேலும் பெருக்கும். வெட்சூட் என்ற டைவ் உடையில் உள்ள குமிழிகளும் சேர்ந்துகொள்ளும்.

முதல் வேலை மூச்சை வெளியே விடுவது. நுரையீரல் காலியானால் சில கிலோ மிதப்பு உடனே குறையும், நுரையீரலும் காப்பாற்றப்படும். அடுத்து பி.சி.டி. காற்றை விடுங்கள். இதில் அடிக்கடி நடக்கும் பிசகு: பி.சி.டி.க்குக் காற்றை ஏற்றி இறக்கும் இன்ஃப்ளேட்டர் குழாயை மார்பருகே வைத்துக்கொண்டே பொத்தானை அழுத்துவது. காற்று மேல்நோக்கித்தான் போகும். குழாயின் வாய் தோளைவிட உயரமாக இருக்கும்படி இடது கையை முழுவதும் தூக்கி அழுத்துங்கள். உடல் தலைகீழாகவோ படுக்கையாகவோ இருந்தால் பின்பக்கம் இடுப்பருகே காற்றை வெளியே விடும் டம்ப் வால்வின் கயிற்றை இழுக்க வேண்டும். அப்போது குழாயைத் தூக்கிப் பயனில்லை. அதன்பிறகும் நிற்காவிட்டால் முகம் மேல் நோக்கிப் படுத்துக் கைகால்களை அகல விரியுங்கள். நீரின் எதிர்ப்பு வேகத்தைக் குறைக்கும்.

பொத்தானைத் தொடாமலே பி.சி.டி. நிரம்புகிறதா? உப்பும் மணலும் சேர்ந்து இன்ஃப்ளேட்டர் சிக்கியிருக்கிறது. ஒரு கையால் காற்றை விட்டபடி, மறு கையால், சிலிண்டர் காற்றை இன்ஃப்ளேட்டருக்குக் கொண்டுவரும் லோ பிரஷர் ஹோஸின் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றிவிடுங்கள். இனி வாயால் ஊதி மிதப்பைச் சரிசெய்யலாம். ஒவ்வொரு டைவ் நாள் முடிவிலும் நல்ல தண்ணீரில் பொத்தானை அழுத்தி அழுத்திக் கழுவுபவர்களுக்கு இது அரிதாகவே வரும்.

5 மீட்டரில் மட்டும் நிற்க முடியவில்லை என்றால் காரணம் எடை. வழக்கமான 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் காற்றின் எடை சுமார் 2.7 கிலோ. 50 பாருக்கு வரும்போது அதில் 2 கிலோ போய்விடும். நிறைந்த சிலிண்டரோடு எடை பார்த்தவர் டைவ் முடிவில் 2 கிலோ கூடுதலாக மிதப்பார். எடையை டைவின் முடிவில் பாருங்கள்: 50 பார், பி.சி.டி. காலி, சாதாரண மூச்சு. நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும்.

ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள். 18 என்ற பழைய அளவு இன்னும் சில பாடங்களில் இருக்கிறது. அதை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளலாம், இலக்காக வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். அதற்குப் பிறகு பலர் செய்வது: மூன்று நிமிடம் முடிந்த மணி அடித்ததும் பத்து விநாடியில் மேலே. அது நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம், அதுவும் காற்று அதிகம் பெருக்கும் இடத்தில். கடைசி 5 மீட்டருக்கு ஒரு முழு நிமிடம் கொடுங்கள். மேலே பாருங்கள், விசைப்படகின் சத்தத்தைக் கேளுங்கள். அடையாள மிதவையை விடும்போது அதன் நூல் சுருளை பி.சி.டி.யில் மாட்டாதீர்கள். சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போய்விடும்.

ஏறும்போது காது வலி, ஒரு பக்கத் தலைசுற்றல்

உள்ளே பெருக்கும் காற்று வெளியேற வழியில்லை. ஒரு மீட்டர் இறங்குங்கள். மூக்கைப் பிடித்து விழுங்குங்கள், தாடையை அசையுங்கள். ஊதக் கூடாது, ஏற்கெனவே அதிகமாக உள்ள இடத்தில் இன்னும் காற்றை ஏற்றுவதாகும். பிறகு மிக மெதுவாக ஏறுங்கள். இறங்கும் வலிக்கு டைவை நிறுத்தலாம். இந்த வலிக்கு அந்த வசதி கிடையாது, சிலிண்டர் தீரும்முன் மேலே வந்தே ஆக வேண்டும். சளியோடு இறங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காக.

ரெகுலேட்டர் இழுக்க இழுக்கக் கனமாகிறது

சிலிண்டர் தீர்கிறது, அல்லது வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் மானியின் முள் விழுந்து எழுந்தால் வால்வுதான். துணை டைவரைத் திறக்கச் சொல்லுங்கள். முள் கீழேயே கிடந்தால் கழுத்தை அறுக்கும் சைகை காட்டி, அவருடைய ஆக்டோபஸை (உபரி ரெகுலேட்டரை) வாங்கி, ஒருவரையொருவர் பிடித்தபடி வழக்கமான வேகத்தில் ஏறுங்கள்.

50 பார் மிச்சம் வைத்தால் போதும் என்ற விதி 30 மீட்டரில் இரண்டு பேருக்குப் போதாது. கணக்குப் போடலாம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இருவருக்கு 60. அடியில் நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம், 4 பாரில்: 240 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற மூன்று நிமிடம், சராசரி 2.75 பார்: 495. நிறுத்தத்தில் மூன்று நிமிடம், 1.5 பார்: 270. கடைசி ஒரு நிமிடம்: 75. மொத்தம் 1080 லிட்டர், அதாவது 11.1 லிட்டர் சிலிண்டரில் 97 பார். ஆகவே 30 மீட்டரில் 100 பார் காட்டும்போதே ஏறத் தொடங்கியிருக்க வேண்டும்.

துணை டைவர் எட்டும் தூரத்தில் இல்லை, ஆழம் 9 மீட்டருக்குள் என்றால் தனியாக ஏறலாம். ரெகுலேட்டரை வாயிலேயே வைத்து, "ஆ" என்று விடாமல் ஒலி எழுப்பியபடி வாருங்கள். தொடர்ந்து காற்று வெளியேறுகிறது என்பதற்கு அந்த ஒலியே சாட்சி. ஏற ஏறச் சுற்றுப்புற அழுத்தம் குறைவதால் தீர்ந்த சிலிண்டரிலிருந்து ஓரிரு மூச்சு கிடைக்கவும் கூடும். நுரையீரல் நிறைய இழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஒரு மீட்டர் சொச்சம் ஏறினாலே நுண்காற்றுப்பைகள் கிழியலாம். நீச்சல்குளப் பயிற்சியிலும் இது நடக்கக்கூடியது.

நிறுத்தத்தைத் தவறவிட்டு மேலே வந்துவிட்டேன்

மறுபடி இறங்காதீர்கள். 5 மீட்டரில் நிற்பது கூடுதல் பாதுகாப்புக்கானது. அது விட்டுப்போனால் அன்றைக்கு டைவ் வேண்டாம், தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள், உடலைக் கவனியுங்கள். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் நிற்கும்படி கம்ப்யூட்டர் கட்டாயமாகக் கேட்ட டிகம்ப்ரெஷன் நிறுத்தம் விட்டுப்போயிருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு டைவ் மருத்துவரிடம் பேசுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் பக்கம் போகாதீர்கள்.

மேலே வந்த சில நிமிடங்களில் தள்ளாட்டம், குழறல், மயக்கம்

10 நிமிடத்துக்குள் வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை, கிழிந்த நுரையீரலிலிருந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம்போல் ஒரு பக்கம் செயலிழக்கலாம், பார்வை மங்கலாம். நெஞ்சுவலி, ரத்த நுரையோடு இருமல், குரல் மாற்றம், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறப்பு ஆகியவையும் நுரையீரல் கிழிந்ததன் அடையாளம்.

தட்டையாகப் படுக்க வையுங்கள். தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்கும் பழைய முறை வேண்டாம். மூச்சு இருந்து நினைவில்லை என்றால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், மூச்சு இல்லை என்றால் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்துவதும் செயற்கைச் சுவாசமும்). ஆக்சிஜனை உடனே தொடங்குங்கள். மூக்கில் மாட்டும் மெல்லிய குழாய் போதாது. சேமிப்புப் பை உள்ள முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர். படகில் உள்ள பி வகைச் சிலிண்டர் சுமார் 1500 லிட்டர், இந்த வேகத்தில் 100 நிமிடம்தான் வரும். கரை சேர எவ்வளவு நேரம் என்று இதோடு ஒப்பிட்டுத்தான் படகை எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் எண் இந்தியாவில் 108, இலங்கையில் 1990. சிறிது நேரத்தில் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் விட்டுவிடாதீர்கள், திரும்ப விழுவது உண்டு.

சில மணி நேரம் கழித்து மூட்டுவலி, மரமரப்பு, தோலில் புள்ளி

அழுத்தத்தில் உடல் திசுக்களில் கரைந்த நைட்ரஜன், ஏறும்போது அழுத்தம் குறைந்ததால் குமிழியாகப் பிரிந்திருக்கிறது. தோள், முழங்கை, முழங்காலில் உள்ளுக்குள் குடையும் வலி. அழுத்தினாலும் மடக்கினாலும் பெரிதாக மாறாது, தசைப்பிடிப்பு மாறும். வயிற்றிலோ தொடையிலோ பளிங்குக்கல் கோடுபோல் ஊதாத் திட்டு. விரல் மரத்தல், கால் பலவீனம், மிதமிஞ்சிய அசதி. சிறுநீர் கழிக்க முடியவில்லை என்றால் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே வந்துவிடும், 24 மணிக்குப் பிறகு தொடங்குவது அரிது.

கம்ப்யூட்டர் எல்லையைத் தாண்டவே இல்லையே என்பது பதிலாகாது. எல்லைக்குள் இருந்தவர்களுக்கும் வரும். நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைச் சுவரில் பிறவித்துளை முழுதாக மூடாமல் இருக்கும், அதன் வழியே குமிழி நுரையீரல் வடிகட்டியைத் தாண்டிவிடும்.

சோதித்துப் பாருங்கள்: ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து, கையை மார்பில் கட்டி, கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்க முடிகிறதா? இரு கையின் பிடியும் ஒரே வலுவா? மூக்கு நுனியை விரலால் தொட முடிகிறதா? தவறினால் நரம்பு பாதிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக வந்தாலும் வலி இருந்தால் மருத்துவமனைதான்.

ஆக்சிஜன், படுக்கை, நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் அல்லது உப்பு-சர்க்கரைக் கரைசல். உருவிவிடுவது, வெந்நீர்க் குளியல், மது, வலிமாத்திரை போட்டுப் பொறுத்துக்கொள்வது எதுவும் வேண்டாம். இன்னொரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்கும் பழக்கம் சங்குக்கும் கடலட்டைக்கும் நாளுக்குப் பல முறை குளிப்பவர்களிடம் உண்டு. இறங்கினால் வலி குறையத்தான் செய்யும், ஏமாற்றுவது அதுதான். கீழே இன்னும் நைட்ரஜன் ஏறும், நீருக்குள் கால் செயலிழந்தால் மூழ்குவதுதான் முடிவு.

சரியான இடம் உயர் அழுத்த அறை. வழக்கமான சிகிச்சை 18 மீட்டருக்குச் சமமான 2.8 பாரில் ஆக்சிஜன் கொடுத்துத் தொடங்கி 4 மணி 45 நிமிடம் போகும். சர்க்கரைப் புண்ணுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன் தரும் மையங்கள் நகரங்களில் இருந்தாலும், எல்லாம் இரவில் திறந்து டைவரை எடுத்துக்கொள்ளாது. எது எடுக்கும் என்று டைவுக்கு முன்பே போன் செய்து கேட்டு வையுங்கள். போகும்போது கம்ப்யூட்டரையும் கொண்டுபோங்கள். எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், அறிகுறி தொடங்கிய நேரம், ஆக்சிஜன் தொடங்கிய நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

தலைசுற்றலுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று எழுதுங்கள்: இறங்கும்போது காது சமன் செய்யச் சிரமப்பட்டாரா? ஆம் என்றால் உள்காது அழுத்தக் காயமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

கரையில் ஒன்றுமில்லை, விமானத்திலோ மலைமேலோ வலிக்கிறது

கடல்மட்டத்தில் அடங்கியிருந்த நைட்ரஜன் அழுத்தம் இன்னும் குறைந்ததும் குமிழியாகிறது. விமானம் ஏறும்முன் காத்திருக்க வேண்டிய நேரம் பற்றி, டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டுதல்: நிறுத்தம் தேவைப்படாத ஒரே டைவுக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம், டிகம்ப்ரெஷன் டைவ் என்றால் அதைவிட நன்றாகத் தள்ளி. விமான அறைக்குள் அழுத்தம் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகும்வரை குறையலாம். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர், ஊட்டி 2240, நுவரெலியா 1868. காலையில் ராமேஸ்வரத்தில் டைவ் முடித்து இரவு கொடைக்கானல் ஏறுவதும், திருகோணமலையிலிருந்து அன்றே நுவரெலியா போவதும் விமானம் ஏறுவதற்குச் சமம். இரண்டையும் ஒரே விடுமுறையில் வைத்திருந்தால் மலையை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போக இந்தக் காத்திருப்பு தேவையில்லை. ஏறும் வழியில் வலி தொடங்கிவிட்டால் வண்டியைத் திருப்பிச் சமவெளிக்கு இறக்கி, ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.